படங்குத் திரைக்குப் பின்னால் பாடிய அம்மா

வெற்றிலைத் தட்டு பெஞ்சின் மேல் இருந்தது. அந்தப் பக்கம் கோவில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான் ஒருவன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாசலில் போட்டிருந்த அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. யாராவது அசைந்தால் தட்டிலிருந்த பாக்கு உருண்டது.

"எல்லாஞ் சரிங்க நானா. பொம்பளக் கொரல் இருக்கா?" என்று கேட்டார் தலைவர் வேலாயுதம். மலையில் முஸ்லிம் கடைக்காரனை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இருக்குங்க" என்றேன்.

அதில் பொய் இல்லை. எங்கள் இசைக்குழுவில் பெண்குரல் இருந்தது. பெண்தான் இல்லை.

"பாட்டுக்காரி பேரு என்னங்க?"

"பி. மாலா" என்றேன். அந்த நிமிடம் வாயில் வந்த பெயர் அது. பி என்றால் பெருமாள், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன்.

வேலாயுதம் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "ஏன் கேக்குறேன்னா, போன வருசம் ஒரு செட்டு வந்தானுங்க. மீசை வச்ச ஆம்பளய நிப்பாட்டி பொம்பளப் பாட்ட பாட வச்சான். எங்க சனம் கல்ல எடுத்துருச்சி. ஒங்க மாலா மேடையில சேலை கட்டிக்கிட்டு நிப்பாங்கல்ல?"

பெருமாளுக்கு இருந்த மீசை சாதாரண மீசை இல்லை.

"அவங்க மேடைக்கு வரமாட்டாங்க" என்றேன்.

"ஏன்?"

தலையைக் குனிந்துகொண்டேன். வேலாயுதம் குனிந்த தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவர் காதில் சொன்னார்.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒங்க வூட்டு அம்மாவா பாடுறாங்க? கோஷாவா?"

குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை. நான் சொன்ன பொய் அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"கவலய விடுங்க. திரை கட்டிக் குடுத்துருவோம். ஒரு ஈ காக்கா பாக்காது. நம்ம வூட்டுப் பொம்பள மாதிரி" என்று தட்டை என் பக்கம் தள்ளினார் வேலாயுதம். நான் தொட்டேன்.

தொட்டால் தொட்டதுதான்

அக்கார்டியன் வாங்கிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதும், "அந்தக் காலத்தில் உங்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்தவர் யார்?" என்று ஹாலிஎலயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை ஐயா. மலை ஏறினோம்.

பதுளை பஜாரில் வளையலும் ரிப்பனும் விற்கிற சின்னக் கடை எனக்கு. வாப்பா விட்டுப்போனது. கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் இறங்கி, அங்கிருந்து நடை. காலில் அட்டை கடிக்கும். சவர்க்காரத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன், கணுக்காலில் தேய்த்துக்கொள்ள. சங்கீதத்துக்காக நான் செய்த சாதகத்தில் முக்கால்வாசி அதுதான்.

கடிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. பேச்சு முடிந்தால் கமிட்டி தட்டை நீட்டும். வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு நாணயம். தொட்டுவிட்டால் மழை வந்தாலும் மரணம் வந்தாலும் போயே ஆகவேண்டும். தொட்டுவிட்டுப் போகாமல் இருந்த ஒரு நாதஸ்வரக்காரரை, அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட அந்தத் தோட்டத்து ஆட்கள் போகாமல் ஒதுக்கிவிட்டார்கள்.

தட்டைத் தொடுவதோடும் முடியாது. வெளியாள் தோட்டத்துக்குள் காலை வைக்கத் துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், அனுமதித் துண்டு வேண்டும். துரையின் துண்டுக்குப் பெரிய கிளாக்கரைப் பார்க்க வேண்டும். பெரிய கிளாக்கர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் பிள்ளைகளுக்கு வளையல் இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை எத்தனை என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று. கச்சேரிச் செலவுக்குத் தோட்டத்தில் பேர் போட்டிருக்கிற எல்லாரும் பங்கு கொடுப்பார்கள். ஆகவே எல்லாரும் என் முதலாளிகள். "நானும் குடுத்தேன்ல, எனக்கு ஒரு பாட்டு" என்று வரிசையில் வருவார்கள். இருநூறு முதலாளி, ஒரு அக்கார்டியன். ஒரே பாட்டை ஏழு பேர் கேட்டால் ஏழு தடவை வாசித்திருக்கிறோம். கேட்ட ஏழு பேரும் தனக்காக மட்டும் வாசித்ததாகச் சந்தோஷப்பட்டார்கள்.

ஞாயிறு காணாமல் போன காலம்

இளைய வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாக இருந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. லீவு எல்லாம் போயாவுக்கு, அதாவது பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வருகிற இரண்டு அரைநிலா நாட்களுக்கு. நிலவைப் பார்த்துக் கடையைப் பூட்டினோம். வாரத்துக்கு ஒரு போயாதான், ஆனால் அந்த வாரத்துக்கு எத்தனை நாள் என்பது நிலவின் இஷ்டம். செவ்வாய்க்கிழமை ஒரு லீவு வரும், அடுத்தது புதன்கிழமையில் போய் நிற்கும்.

கச்சேரி பேசுகிறவனுக்கு இது பெரிய தலைவலி. "அடுத்த ஞாயிறு வாங்க" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "அரைப் போயா கழிச்சு, முழுப் போயாவுக்கு முந்தி" என்பார்கள். எங்கள் தபலாக்காரர், என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு பிறகு விலகிப்போனவர், ஒருமுறை நிலவைத் தப்பாக எண்ணிவிட்டு ஒருநாள் முந்தியே கொஸ்லந்த போய் இறங்கி, கோவில் படியில் தனியாக உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "ஒத்திகை" என்றார்.

சரி, பெண்குரல் விஷயத்துக்கு வருகிறேன்.

தையல்காரர்

பெண் பாட்டு இல்லாத கச்சேரியை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் பெண்குரல் தேடிப் பதுளை முழுக்க அலைந்தேன். பள்ளிக்கூட ஆசிரியைகளைக் கேட்டேன், அவர்களுடைய அண்ணன்மார் பதில் சொன்னார்கள். நாடகம் போடுகிறவர்களைக் கேட்டேன். ஒரு நர்ஸ் அம்மா சம்மதித்தார், அடுத்த வாரமே மாற்றலாகிப் போனார்.

அலைந்து களைத்து ஒருநாள் என் கடைக்கு எதிரே துணிக்கடை விறாந்தையில் ஒதுங்கியபோது, தையல் மெஷின் சத்தத்தோடு ஒரு பெண் பாடுவது கேட்டது. அப்படி ஒரு குரல். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. எட்டிப் பார்த்தால் பெருமாள், மீசையும் தோளுமாக, ஒரு காற்சட்டைக்குக் கால் தைத்துக்கொண்டிருக்கிறான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என் நிழல் விழுந்ததும் குரல் நின்றுவிட்டது.

"நீயா பாடினாய்?"

"இல்லீங்களே" என்றான், அசல் ஆண்குரலில்.

அவனுடைய வியாதி எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. யாராவது முகத்தைப் பார்த்தால் அந்தக் குரல் அவனுக்கு வராது. சுவரைப் பார்த்தால் வரும். பேசும்போது சாதாரண மனிதன். பாட வாயைத் திறந்து எதிரே ஒரு முகத்தைக் கண்டான் என்றால், தொண்டையில் காக்காய்தான் கத்தும்.

இப்படிப்பட்ட ஒருவனை வைத்துக்கொண்டுதான் நான் வேலாயுதம் தலைவரின் தட்டைத் தொட்டேன். திரை என்றதும் பெருமாளுக்கு முகம் மலர்ந்தது. "எனக்குன்னே கட்டுறாங்களா நானா?" என்று கேட்டான் பாவி.

மலையைப் பார்த்த முப்பது பேர்

சொன்னபடியே கட்டியிருந்தார்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, மேலே ஒரு சிவப்புச் சேலையைப் போர்த்தி, மேடைக்குப் பின்புறம் ஓர் அறையையே எழுப்பிவிட்டார்கள். நாங்கள் போன வாடகைக் காரை அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னார் வேலாயுதம்.

பிறகு உரக்கக் கத்தினார். "அம்மா எறங்கப் போறாங்க. எல்லாம் திரும்பு!"

முப்பது ஆண்கள் திரும்பி நின்று மலையைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். காரின் பின் கதவைத் திறந்துகொண்டு பெருமாள் இறங்கினான், மீசையைத் தடவிக்கொண்டு சாக்குத் திரைக்குள் போனான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கமாக இருந்தது. இவ்வளவு மரியாதையை ஒரு பொய்க்குக் கொடுக்கிறார்களே என்று நெஞ்சு உறுத்தியது. அடுத்த நிமிடம் கைதட்டல் கேட்டது, உறுத்தல் போய்விட்டது.

அன்றைக்குப் பெருமாள் பாடினான் பாருங்கள். பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போனதை நானே கண்டேன். முடிந்ததும் கமிட்டி ஒரு பட்டுக் கரைச் சேலையைத் தட்டில் வைத்து, "அம்மாகிட்ட குடுத்துருங்க" என்று நீட்டியது.

திரும்பும்போது காரில் பெருமாளிடம் நீட்டினேன். அவன் தனிக்கட்டை. "எனக்கு என்னத்துக்கு நானா, ஒங்க வூட்டுக்குக் குடுங்க" என்றான். என் மனைவி மசூதாவிடம் கொடுத்தேன். "திருவிழாவில் தந்தார்கள்" என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, உடுத்திக்கொண்டாள். அவளுக்கு நன்றாக இருந்தது.

அந்த வருடம் அதேபோல் மூன்று கச்சேரி, மூன்று திரை, மூன்று சேலை.

மச்சான் வந்தார்

மசூதாவின் மூத்த சகோதரர் ஹனீபா பண்டாரவளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஒருநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றவர், கடைக்குள்ளேயே வராமல் கத்த ஆரம்பித்தார்.

"என்ட கடைக்கு மமட்டி வாங்க வார ஒவ்வொருத்தனும், 'மொதலாளி, ஒங்க தங்கச்சி கொரலு தேனுங்க'ன்டு செல்லிட்டுப் போறான்! நான் என்ன செய்ய? மமட்டிய நிறுக்கவா, தலைய மறைக்கவா?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே. உண்மையைச் சொன்னேன். பாடுவது பெருமாள், எதிர்க்கடைத் தையல்காரன் என்றேன்.

"பொம்பளக் கொரல்ல ஆம்பள பாடுறானா? காதர், நான் ஆணி விக்கிறவன். ஆனா மடையன் இல்ல."

"சத்தியமா மச்சான்."

"அப்ப அந்தச் சேல?" கை நீட்டினார். கதவுக்குப் பின்னால் மசூதா நின்றுகொண்டிருந்தாள். பட்டுக் கரைச் சேலையின் ஓரம் கதவுக்கு வெளியே தெரிந்தது. "அம்மாவுக்குன்டு தோட்டத்தால குடுத்த சேல அது. குடுத்தவனே என்ட கடையில வந்து நெறத்தையும் கரையையும் செல்றான். அத என்ட தங்கச்சி உடுத்திக்கொண்டு நிக்கிறா. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

மசூதா பேசவில்லை. பாவம், அவமானத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன். என் மேல் எனக்கே கோபம் வந்தது. கண்டவன் வாயில் எல்லாம் இவள் பேர் அடிபட நான் காரணமாகிவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

"பெருமாளைப் பாடச் சொல்கிறேன். நீங்களே கேளுங்கள்" என்று மச்சானைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

காக்காய் கத்திய காலை

அந்தக் காட்சியை விவரிக்க எனக்கு விருப்பம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பெருமாள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்து நின்றான். ஹனீபா மச்சான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே நின்றார். துணிக்கடை முதலாளி வந்து நின்றார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள்.

"பாடு பெருமாள்" என்றேன்.

வாயைத் திறந்தான். வந்தது என்ன என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

"சுவரப் பாத்துப் பாடு, சுவரப் பாத்து!" என்று கெஞ்சினேன். அவன் திரும்பினான். முதுகிலும் பார்வை படுகிறது என்றான். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. நான் கும்பிடாத குறை. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"சரி காதர்" என்றார், இப்போது வழக்கமான தாழ்ந்த குரலில். அது கத்தியதைவிடப் பயமாக இருந்தது. "அடுத்த கச்சேரிக்கு நான் வாறேன். எல்லாருக்கும் முன்னுக்கு அந்தத் திரையத் தொறக்கோணும். எனக்கு மட்டும் காட்டி வேலை இல்ல. ஊர் வாய் மூடோணும். தொறக்காட்டி அன்டைக்கே தங்கச்சிய பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு போயிருவன். பொறகு நீங்களும் ஒங்கட அக்கார்டியனும்."

அடுத்த கச்சேரி எது தெரியுமா? வேலாயுதம் தலைவரின் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுத் திருவிழா. கொஸ்லந்தப் பக்கத்துத் தலைவர்கள் நான்கு பேரை அவர் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஒரே சுற்றில் ஏழு தோட்டம். பதுளையில் எந்தக் குழுவும் அதுவரை காணாத டூர். அந்த நான்கு பேர் முன்னால் திரையைத் திறந்து, மீசையைக் காட்ட வேண்டும். காட்டினால் கல். காட்டாவிட்டால் மனைவி இல்லை.

நான் பெரிய தியாகி மாதிரி மனைவியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஒரு வாரமும் எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

போகிற வழியில் காரில் பெருமாளிடம் சொன்னேன். அவன் மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பாட்டு நடுவுல எறக்குங்க நானா. ஆரம்பத்துல எறக்குனா கொரல் வராது. நான் கண்ண மூடிக்கிறேன். யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிறேன்."

"கல்லு வந்தா?"

"அப்ப கண்ணத் தொறப்பேன்."

மஞ்சள் தண்ணீர் காயாத மத்தியானம்

திருவிழாவின் கடைசி நாள். காலையில் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு முடிந்து, ஈரமும் மஞ்சளுமாகச் சனம் வந்து உட்கார்ந்திருந்தது. வேட்டி மஞ்சள், ரவிக்கை மஞ்சள், கோவில் நாய்கூட மஞ்சள். முன்வரிசையில் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலிகள். கொஸ்லந்தத் தலைவர்கள் நான்கு பேர், அவர்களுக்கு நடுவில் ஹனீபா மச்சான். "அம்மாவோட அண்ணனுங்க" என்று வேலாயுதம் அவருக்கு மாலை வேறு போட்டுவிட்டார். மச்சான் அந்த மாலையோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல் எல்லாரும் மலையைப் பார்த்தார்கள், பெருமாள் இறங்கினான், பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பாட்டு போனது. மூன்றாவது, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு மெதுவான பாட்டு. முதல் அடி முடிந்ததும் அக்கார்டியனைக் கழற்றிக் கீழே வைத்தேன். திரைக் கயிற்றுக்குப் போனேன்.

முடிச்சு அவிழவில்லை. காலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீரில் ஊறி இறுகிப்போயிருந்தது. நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்தேன். இருநூறு முதலாளிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெருமாள் பாடிக்கொண்டே இருந்தான். மச்சான் பொறுமை இழந்து, மாலையோடு மேடைக்கு ஏறி, பையிலிருந்து கத்தியை எடுத்து ஒரே அறுப்பு.

திரை சரிந்தது.

சரிந்ததா, இல்லையா, அதற்குள் அத்தனை ஆண்களும் திரும்பிவிட்டார்கள்! வேலாயுதம், கொஸ்லந்தத் தலைவர்கள், கமிட்டி, நாற்காலி தூக்கி வந்தவன், எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கிறார்கள். ஒரு கோஷா அம்மாவின் மானம் போகிறது என்று பதறி, ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சாட்சி இல்லை. "பாருங்கள்! தயவுசெய்து பாருங்கள்!" என்று கத்தினேன்.

"பாவம் நானா, அதுக்கு நாங்க ஆள் இல்ல!" என்றார் வேலாயுதம், மலையைப் பார்த்தபடியே.

பெண்கள் திரும்பவில்லை. அவர்கள் ஏன் திரும்ப வேண்டும்? அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கடைசியில் கொழுந்தெடுக்கிற ஒருத்தி எழுந்து நின்று வீறிட்டாள்.

"அடியேய், அம்மாவுக்கு மீசைடி!"

ஆண்கள் திரும்பினார்கள்.

பெருமாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். ஒரு சுருதி நழுவவில்லை. நான் கல்லுக்காகக் காத்திருந்தேன். கல் வரவில்லை. ஒரு இருமல்கூட வரவில்லை. பாட்டு முடிகிறவரை அந்தச் சனம் அப்படியே இருந்தது. முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்தான், இருநூறு முகத்தையும் கண்டான், உட்கார்ந்த இடத்திலேயே சுருங்கிப்போனான்.

வேலாயுதம் மேடைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. என்னிடம்தான் முதலில் பேசினார்.

"முப்பது ஆம்பளய மலையப் பாக்க வச்சியே நானா. வச்சியே!"

"மன்னிச்சிருங்க தலைவரே."

"மூணு தடவ!" என்றார். பிறகு பெருமாள் பக்கம் திரும்பினார். "தம்பி, இன்னொன்னு பாடுறியா? கண்ணத் தொறந்துக்கிட்டு."

பெருமாள் பாடினான். முதலில் காக்காய் எட்டிப் பார்த்தது, பெண்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு காக்காயைக் காணோம்.

கொஸ்லந்தத் தலைவர்கள் அங்கேயே தட்டு கேட்டு வாங்கி என் முன்னால் வைத்தார்கள். ஏழு தோட்டம், ஒன்றும் குறையவில்லை. "ஆனா ஒண்ணுங்க, திரை வேணாம்" என்றார் மூத்தவர். "மீசையத்தான் எங்க சனம் பாக்கணும்." நான் பயந்து பயந்து மறைத்ததைத்தான் அவர்கள் கூப்பிட வந்தார்கள். மச்சானோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, பெருமாளின் தோளைக் கட்டிக்கொண்டு, "என்ட தங்கச்சி! இவன்தான் என்ட தங்கச்சி!" என்று வந்தவன் போனவனிடம் எல்லாம் காட்டினார். பண்டாரவளை பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் குரல் கேட்டது.

வீட்டில்

பொழுது சாய்வதற்குள் பதுளைக்கு வந்துவிட்டேன். மசூதா முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன், முடிச்சு, கத்தி, மலை, மீசை. அவள் சிரிக்கவில்லை. சுளகு மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"நானா எல்லாருக்கும் செல்லிட்டாரா?" என்று தன் அண்ணனைப் பற்றிக் கேட்டாள்.

"பஸ்ஸுல ஏறமுந்தியே செல்லிட்டார். இனி ஒன்னப் பத்தி ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்" என்றேன் பெருமையாக.

சுளகைக் கீழே வைத்தாள்.

"தோட்டத்துப் பொம்பளையள் வளையல் வாங்க வந்தா, தண்ணி கேக்கிற மாதிரி உள்ளுக்கு வருவாங்க. என்ட கையப் புடிச்சிக்கொண்டு சும்மா இருப்பாங்க. ஒருத்தி, அவட புள்ள மவுத்தாப் போனதுக்குப் பொறகு அந்தத் தாலாட்டுப் பாட்டக் கேட்டுத்தான் அழுதாவாம். என்ட கையில முத்தம் வச்சா. நான் இல்லன்டு செல்லல்ல."

"ஏன் செல்லல்ல?"

"மனசு வரல்ல."

"அது பொய்தானே மசூதா?"

"ஒங்கட பொய்தான். நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்டைக்கு நானா வந்து சத்தம் போட்டாரே. நான் கதவுக்குப் பொறத்தால நின்டேன். சேலையக் காட்டினார், ஊரக் காட்டினார், தையல்காரனக் கூப்பிட்டீங்க. இவ பாடுவாளான்டு நானாவும் என்னக் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல."

நான் அவளைப் பார்த்தேன். ஐந்து வருடக் குடித்தனம். அந்த முற்றம், அந்தச் சுளகு, அவள் கண்ணில் நின்ற தண்ணீர், எல்லாம் என் முன்னால் இருந்தது. கேட்கவேண்டிய கேள்வியும் இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. சத்தியமாக, அப்போதும் ஏதோ தெரிந்தது.

"தேத்தண்ணி ஈக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. ஊற்றிக்கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.